ஏழூர்ச் சுற்றில் ஒரு மிதிவண்டிப் பாதை: வழி வகுப்பதும் பலகை நடுவதும்

மிதிவண்டிச் சுற்றுலாப் பாதை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தொடக்க விழாவும், ஊர் எல்லையில் நிற்கப்போகும் பெரிய வரவேற்புப் பலகையும்தான். பாதையில் போகிறவருக்கு அந்தப் பலகையால் பெரிய பயன் ஏதுமில்லை. இரண்டு வாய்க்கால் கரைகள் பிரியும் இடத்தில், கேட்பதற்கு ஆளில்லாத பிற்பகலில், இடப்பக்கமா வலப்பக்கமா என்று தயங்கி நிற்கும்போது கண்ணெதிரே ஓர் அம்புக்குறி இருக்கிறதா என்பதுதான் அவருடைய கவலை. அந்த அம்புக்குறி அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே திசையைக் காட்டிக்கொண்டு நிற்குமாறு பார்த்துக்கொள்வதுதான் பாதை அமைப்பவரின் உண்மையான வேலை. அந்த வேலையைத் தஞ்சாவூர் மாவட்டத்தில், திருவையாற்றைச் சுற்றியுள்ள ஏழூர்த் தலங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். ஊராட்சித் தலைவர்கள், சுற்றுலா அலுவலர்கள், மிதிவண்டிக் குழுக்கள் ஆகியோர் தங்கள் பகுதிக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே இருக்கும் சுற்றிலிருந்து தொடங்குதல்

வரைபடத்தை விரித்து வைத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கோடு போடுவது எளிது. அப்படிப் போடப்பட்ட நீண்ட பாதைகளில் பல, பாதி தூரத்துக்குப் பலகையும் மீதி தூரத்துக்குப் பயணியின் ஊகமுமாக நின்றுபோகின்றன. ஆகவே, ஒரே நாளில் சுற்றி முடித்துவிடக்கூடிய சிறிய வளையத்தில் தொடங்குவதே நல்லது. வளையமாக இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். வண்டியை வாடகைக்கு எடுத்தவருக்கும், காரை நிறுத்திவிட்டு வந்தவருக்கும் அது பெரிய வசதி.

திருவையாற்றில் அந்த வளையத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. சித்திரை மாதத்தில் நடக்கும் சப்தஸ்தான விழாவில் ஐயாறப்பர் பல்லக்கு திருவையாற்றிலிருந்து புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்ற வரிசையில் சென்று மீண்டும் திருவையாற்றை அடைகிறது. திருவையாறும் திருப்பழனமும் தில்லைஸ்தானமும் காவிரியின் வடகரையில் இருக்கின்றன; மற்ற நான்கும் தென்கரையில் இருக்கின்றன. ஏழு ஊர்களும் தேவாரப் பாடல் பெற்றவை. ஊர்களுக்கு இடையில் வயலும் வாழைத் தோப்பும் ஆறும் மாறிமாறி வருகின்றன. மேடுகள் என்று சொல்லத்தக்கவை பாலங்களின் ஏற்றங்கள் மட்டுமே என்பதால், பழக்கமில்லாதவரும் மூச்சு வாங்காமல் ஓட்டலாம்.

ஒரு பாதை ஈர்ப்புடையதாக இருப்பதற்கு இப்படிப்பட்ட உட்பொருள் தேவை. ஏன் இந்த ஊருக்கு அடுத்து அந்த ஊர் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு விடை இருக்க வேண்டும். தன்யூப் ஆற்றங்கரையில் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளும் பாதை உலகப் புகழ் பெற்றதற்கு ஆறு ஒரு காரணம். அக்காலத்தில் படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து இழுத்துச் சென்ற தடங்களின் மேலேயே அதன் பல பகுதிகள் அமைந்திருப்பது இன்னொரு காரணம். ஆற்றோரமாகவே சமமாக ஓடும் வழியை அங்கே பழைய தொழில் ஒன்று விட்டுச்சென்றது. நம் டெல்டாவில் அதே உதவியைப் பாசன வாய்க்கால் கரைகளும் பல்லக்கின் வழியும் செய்கின்றன.

ஆனால் பல்லக்கு போகும் வழி முழுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சித்திரையில் ஆற்றில் நீர் இல்லாதபோது மணலில் இறங்கி நடந்துவிடலாம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டு, தண்ணீர் கல்லணையைத் தாண்டி வந்தபின் அந்த வழி இல்லை. எனவே காவிரியையும் குடமுருட்டியையும் எந்தப் பாலத்தில் கடப்பது என்பதைத்தான் பாதை வகுப்பவர் முதலில் முடிவுசெய்ய வேண்டும். பாலங்களைக் குறித்துவிட்டால் மீதி வழி அவற்றைச் சுற்றி ஏறக்குறையத் தானே அமைந்துவிடும்.

எந்தச் சாலை, எந்தக் கரை

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்து ஆறுகளையும் கடந்து செல்லும் அந்தச் சாலை வரைபடத்தில் மிக அழகாகத் தெரியும். தரையில் அது பேருந்துகளும் லாரிகளும் நெருக்கியடிக்கும் சாலை. பழைய பாலங்களில் பேருந்து ஒன்று எதிரே வந்தால் மிதிவண்டிக்கு ஒதுங்க இடம் இருக்காது. ரயிலில் தஞ்சாவூர் வந்து இறங்குபவர்களை ஏழூர்ச் சுற்றோடு இணைக்க வேண்டியிருப்பதால் இதை முற்றிலும் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்படியானால், அந்தச் சாலையைப் பயன்படுத்தும் தூரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்றும், ஊராட்சிச் சாலைகள் வழியாக நீளமான மாற்றுவழி கிடைக்குமா என்றும் தேட வேண்டும். சுற்றுலாவுக்காக ஓட்டுபவர் நான்கு கிலோமீட்டர் கூடுதலாகச் செல்வதற்கு வருந்தமாட்டார். முதுகுக்குப் பின்னால் ஒலிக்கும் ஏர்ஹார்னுக்குத்தான் வருந்துவார்.

வாய்க்கால் கரைகளைத் தேர்ந்தெடுக்கும்போது வேறொரு கவனம் தேவை. ஆண்டுதோறும் தண்ணீர் வருவதற்கு முன், கோடையில் தூர்வாரும் பணி நடக்கிறது. பொக்லைன் இயந்திரங்கள் கரைமேல் ஓடி, அள்ளிய மண்ணை அங்கேயே கொட்டிச் செல்கின்றன. மார்ச் மாதத்தில் வழவழவென்று இருந்த கரைத்தடம் ஜூனில் மண்மேடாக இருக்கும். மழை பெய்தால் அது களிமண் சேறு. ஆகவே கரைத்தடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாதையில் சேர்த்துவிடக் கூடாது. தூர்வாரிய பின் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழையின் நடுவில் ஒருமுறையும், சம்பா அறுவடைக் காலத்தில் ஒருமுறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பயன்படாத கரைக்கு ஒரு தார்ச்சாலை மாற்றுவழி தயாராக இருக்க வேண்டும், அந்த மாற்றுவழிக்கும் பலகை இருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பவர் யார் என்பதும் முக்கியம். கியர் வைத்த விலையுயர்ந்த வண்டியில் விரைந்து செல்பவருக்குக் குழிகளும் மணலும் பொருட்டல்ல. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி போன்ற சாதாரண வண்டியில், பள்ளி மாணவி ஒருவரும் அறுபதைத் தாண்டிய ஒருவரும் ஓட்டிப் பார்த்து எங்கே இறங்கித் தள்ள வேண்டியிருந்தது என்று குறித்துத் தந்தால், அந்தக் குறிப்பு எந்தப் பொறியாளர் அறிக்கையைவிடவும் உதவும். ஊர் தெரியாத ஒருவரையும் கட்டாயம் அழைக்க வேண்டும். உள்ளூர்க்காரர் வழி பிரியும் எந்தக் கவரிலும் தயங்கமாட்டார். ஆகவே எங்கே பலகை வேண்டும் என்பதை அவரால் சொல்லவும் முடியாது.

கோயில் சுற்று என்பதால் மக்கள் வலமாகத்தான் வருவார்கள். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வலமாகச் சுற்றும் வளையத்தில் பெரும்பாலான திருப்பங்கள் வலப்பக்கமாக அமையும். இடப்பக்கம் ஓட்டும் நம் சாலைகளில் வலப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்காகக் கடக்க வேண்டும். இடமாகச் சுற்றினால் ஆபத்து குறையும் என்பது உண்மைதான். ஆயினும் ஏழூரை இடமாகச் சுற்றுமாறு சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. எனவே பெரிய சாலையில் வலப்பக்கம் திரும்பும் இடங்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, திருப்பத்துக்கு முன் எச்சரிக்கைப் பலகை வைத்து, ஓரமாக இறங்கி நின்று கடப்பதற்கு மட்டமான இடம் ஒன்றை நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்டுப் பெறுவதே நடைமுறைக்கு உகந்த தீர்வு.

யாருடைய நிலம், யாருடைய அனுமதி

பாதை ஒன்றாகத் தெரிந்தாலும் அதன் ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு உரிமையாளர்கள் இருப்பார்கள். பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும், கரைகளும் மதகுகளும் நீரொழுங்கிகளும் நீர்வளத் துறையிடமும், கிராமச் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்திடமோ ஊராட்சியிடமோ, கோயிலைச் சுற்றியுள்ள இடங்கள் கோயில் நிர்வாகத்திடமோ ஆதீனத்திடமோ அறநிலையத் துறையிடமோ இருக்கும். கம்பம் நடுவதற்கு முன் ஒவ்வொரு துண்டும் யாருக்கு உரியது என்று சர்வே எண்ணோடு ஒரு பட்டியல் தயாரித்து, எல்லாத் துறையினரையும் ஒரே நாளில் ஓரிடத்தில் கூட்டி, வழி முழுவதையும் அவர்களோடு பார்வையிடுவது நல்லது. தனித்தனியே கடிதம் எழுதினால் ஒரு துறையின் பதில் வருவதற்குள் இன்னொரு துறையில் அலுவலர் மாற்றலாகிப் போயிருப்பார்.

இதே கூட்டத்தில் கரையை நம்பி வாழ்பவர்களையும் சேர்க்க வேண்டும். மாடு ஓட்டிச் செல்பவர், வைக்கோல் போர் போடுபவர், கரையில் துணி துவைப்பவர் ஆகியோருக்கு அது அன்றாட இடம். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காய வைப்பதும், கதிரின்மேல் வண்டிகள் ஏறிச் செல்லட்டும் என்று பரப்பி வைப்பதும் டெல்டாவில் உள்ள வழக்கம். மிதிவண்டிச் சக்கரத்துக்கு ஈர வைக்கோல் வழுக்கும், சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். அதற்காக நெல்லை எடுக்கச் சொல்வது நியாயமுமல்ல, நடக்கவும் நடக்காது. சாலையில் ஓர் ஓரத்தை விட்டுவிட்டுக் காய வைக்கும்படி பேசி ஏற்பாடு செய்துகொள்வதும், ‘அறுவடைக் காலம், மெதுவாகச் செல்க’ என்ற தற்காலிகப் பலகையை வைப்பதும் போதும்.

பலகைகள்

பலகைகளுக்கு ஒரு முறை வேண்டும். அந்த முறை ஒன்றாகவே இருக்க வேண்டும். உலகில் இதற்கு இரண்டு வழிகள் பெருவழக்கில் உள்ளன. முதலாவது, பாதைக்கு ஒரு பெயரும் சின்னமும் கொடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை அந்தச் சின்னத்தைப் பின்பற்றச் செய்வது. ஐரோப்பாவை ஊடுருவிச் செல்லும் யூரோவெலோ பாதைகள் நீலப் பலகையில் விண்மீன் வளையத்துக்குள் எண்ணைப் பொறித்து இப்படித்தான் வழிகாட்டுகின்றன. இரண்டாவது, சந்திப்புகளுக்கு எண் கொடுப்பது. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1992இல் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் 1995இல், சுரங்கப் பொறியாளரான ஹ்யூகோ பொலன் சுரங்கப் பாதைச் சந்திப்புகளுக்கு எண்ணிடும் வழக்கத்தை மிதிவண்டிப் பாதைகளுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண். அங்கிருந்து அடுத்த எண்களுக்கு அம்புக்குறிகள். கூடவே ஒரு வரைபடம். பயணி தான் போக விரும்பும் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு புறப்பட்டுவிடலாம். இம்முறை பின்னர் பெல்ஜியத்தின் பிற பகுதிகளுக்கும் நெதர்லாந்துக்கும் பரவியது.

ஏழூர்ச் சுற்றுக்கு இரண்டாவது முறையே பொருந்தும் என்பது என் கருத்து. பல்லக்கு வரிசைப்படி திருவையாறு 1, திருப்பழனம் 2, திருச்சோற்றுத்துறை 3, திருவேதிகுடி 4, திருக்கண்டியூர் 5, திருப்பூந்துருத்தி 6, தில்லைஸ்தானம் 7 என்று எண்கள் தயாராகவே இருக்கின்றன. தமிழோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத வெளிநாட்டவரும் 3க்குப் பின் 4ஐத் தேடிப் போய்விடுவார். பின்னாளில் கிழக்கே கும்பகோணத்தை நோக்கியோ, மேற்கே திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணையை நோக்கியோ பாதையை நீட்டும்போது 8 முதல் எண்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பழைய பலகைகளைப் பிடுங்க வேண்டியதில்லை. திருப்பழனத்துக்கு அருகிலுள்ள திங்களூர் போன்ற கிளை வழிகளுக்கும் அவ்வாறே எண் தரலாம்.

ஒவ்வொரு கவருக்கும் மூன்று குறிகள் தேவை. மிதமாக ஓட்டுபவர் மணிக்கு 15 கிலோமீட்டர் செல்கிறார் என்று கொண்டால், நொடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறார். பலகையைக் கண்டு, படித்து, பின்னால் பார்த்து, வேகத்தைக் குறைக்க ஐந்தாறு நொடிகளாவது வேண்டும். எனவே திருப்பத்துக்கு 25 முதல் 30 மீட்டர் முன்பு முதல் குறி, திருப்பத்திலேயே அம்புக்குறி, திரும்பிய பின் 50 மீட்டருக்குள் ‘சரியான வழியில்தான் வருகிறீர்கள்’ என்று உறுதிசெய்யும் சிறிய குறி. இந்த மூன்றாவது குறியைத்தான் பலரும் செலவைக் காரணம் காட்டி விட்டுவிடுகிறார்கள். தவறான கரையில் ஒரு கிலோமீட்டர் போன பின் திரும்பி வர வேண்டியிருந்த பயணி, அதன்பின் எந்தப் பலகையையும் முழுதாக நம்பமாட்டார். கவரே இல்லாத நேரான வழியிலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சின்னம் இருப்பது மனத்துக்குத் தெம்பு தரும்.

பலகையில் ஓர் ஊரின் பெயரை ஒருமுறை எழுதிவிட்டால், அந்த ஊரை அடையும்வரை ஒவ்வொரு பலகையிலும் அது தொடர வேண்டும். ஒரு சந்திப்பில் ‘திருவேதிகுடி 4 கி.மீ.’ என்று இருந்து, அடுத்த சந்திப்பில் அந்தப் பெயரே இல்லாமல் வேறோர் ஊரின் பெயர் இருந்தால், முதல் பலகை இருந்ததைவிட இல்லாதிருப்பதே மேல். தூரங்களை முழு எண்ணாகவோ அரை கிலோமீட்டர் துல்லியத்திலோ எழுதலாம். ஆனால் அடுத்தடுத்த பலகைகளில் தூரம் குறைந்துகொண்டே வர வேண்டும். கார் செல்லும் சாலைவழித் தூரத்தைப் பார்த்து எழுதிவிடாமல், பாதையையே மிதிவண்டியில் அளந்து எழுத வேண்டும்.

எழுத்தைப் பொறுத்தவரை தமிழ் மேலே பெரிதாகவும் ஆங்கிலம் கீழே சற்றுச் சிறிதாகவும் இருக்கட்டும். நம் ஊர்ப் பெயர்கள் நீளமானவை என்பதை அச்சடிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். பலகையின் அகலத்தைக் ‘கண்டியூர்’ என்ற பெயருக்கு ஏற்பத் தீர்மானித்துவிட்டு, ‘திருப்பூந்துருத்தி’, ‘திருச்சோற்றுத்துறை’ ஆகியவற்றை அதற்குள் நெருக்கி அடைத்தால், எழுத்துக்கு எழுத்து வேறுபாடு தெரியாமல் போகும். மிக நீண்ட பெயரை முதலில் எழுதிப் பார்த்து, அதற்கேற்ற அகலத்தையே எல்லாப் பலகைகளுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலை நெடுஞ்சாலைப் பலகையிலும் கைப்பேசி வரைபடத்திலும் உள்ளதோடு ஒத்துப்பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும். சாலைக் குறிகளின் வடிவம், நிறம், ஒளி திருப்பும் தன்மை ஆகியவற்றுக்கு இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 67 என்ற நெறிமுறை இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளில் நடும் எதுவும் அதற்கு முரணாக இருக்கக் கூடாது. மிதிவண்டிப் பலகைக்கு நெடுஞ்சாலைப் பலகையிலிருந்து வேறுபடும் ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அதை வேறெதற்கும் பயன்படுத்தாமல் வைத்துக்கொள்வதும் அவசியம். எந்தக் கட்சிக்கொடியையும் நினைவூட்டாத நிறமாக அது இருக்குமாறு பார்ப்பது, சொல்லாமலே புரியக்கூடிய முன்னெச்சரிக்கை.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஊரின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். கை எட்டும் உயரத்தில் தகடு வைத்தால் அதன்மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டப்படும். இரும்புக் கம்பமாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகக்கூடும். மைல்கல்லைப் போன்ற, இடுப்பளவு உயரமுள்ள கான்கிரீட் கற்களில் எண்ணையும் அம்புக்குறியையும் குழித்துப் பதித்து, குழிக்குள் வண்ணம் பூசினால், வண்ணம் மங்கினாலும் எழுத்து அழியாது. ஊர்ப் பெயிண்டரே மறுபடி பூசிவிடலாம். கரைத்தடங்களுக்கு இதுவே ஏற்றது. வண்டிகள் நிற்கும் கடைத்தெருக்களில் மட்டும் கல் மறைந்துவிடும் என்பதால் இரண்டேகால் மீட்டருக்குமேல் உயர்ந்த கம்பத்தில் பலகை வைக்க வேண்டும். கல்லை நடும் இடத்தில் சில மாதங்கள் கழித்து என்ன வளர்ந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்: தை மாதத்தில் நட்ட கல் ஐப்பசியில் கோரைக்குள் காணாமல் போய்விடும்.

நிழல், தண்ணீர், நடை சாத்தும் நேரம்

கோயில்கள் பொதுவாக நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கின்றன. டெல்டாவில் வெயில் கொளுத்தும் நேரமும் அதுவே. இந்த இரண்டையும் எதிர்த்துப் போராடாமல் பயணத் திட்டத்தையே அதற்கேற்ப அமைத்துவிடலாம். அதிகாலையில் புறப்பட்டு மூன்று நான்கு தலங்களைப் பார்த்துவிட்டு, நண்பகலில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஓர் இடத்தில் தங்கி, நான்கு மணிக்குமேல் மீதியை முடிப்பது இயல்பான ஓட்டம். அப்படித் தங்கும் இடம் எது என்பதைப் பாதை அமைப்பவர் முடிவுசெய்து வைக்க வேண்டும்: ஆற்றங்கரை மண்டபமோ, ஊராட்சியின் சமுதாயக் கூடமோ, பெண்களும் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையுள்ள பள்ளி வளாகமோ எதுவாக இருந்தாலும், அது உண்மையில் திறந்திருக்க வேண்டும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அரைக்கால் சட்டையோடு ஓட்டி வருபவர் சன்னதிக்குள் போகத் தயங்குவார். கோயில் வாசலில் கால் கழுவும் குழாயும், வண்டியைப் பூட்டி வைக்க ஒரு கம்பி வேலியும், பையில் ஒரு வேட்டியோ துப்பட்டாவோ வைத்துக்கொள்ளும்படி வரைபடத்தில் ஒரு வரியும் இருந்தால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடும். தைவானில் தீவையே சுற்றிவரும் முதலாம் எண் மிதிவண்டிப் பாதை 2015இல் அமைந்தது. அங்கே வழியோரக் காவல் நிலையங்களில் மிதிவண்டிக்காரர்களுக்குக் காற்றடிக்கும் பம்பும் குடிநீரும் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலையைத் தேநீர்க் கடைகளே செய்யும். ஒவ்வோர் எண்ணிலும் ஒரு கடைக்கு ஒரு பம்பும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கொடுத்து, கடை வாசலில் பாதையின் சின்னத்தை மாட்டிவிட்டால் கடைக்காரருக்கும் வியாபாரம் கூடும். சீமைக்கருவேல முள் டயரைத் துளைக்காத நாள் இப்பகுதியில் குறைவு. பாதையோரத்தில் அதை வெட்டுபவர்கள் கிளைகளைத் தடத்தின்மேல் போட்டுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பஞ்சர் குறையும். சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: பாசிப்பருப்பில் செய்யும் திருவையாற்று அசோகா அல்வா ஒன்றே முதலாம் எண்ணுக்குத் திரும்பி வருபவருக்குப் போதுமான பரிசு.

ரயிலில் சொந்த வண்டியைக் கொண்டுவருவது பார்சல் பெட்டியையும் முன்பதிவையும் நம்பியிருப்பதால், வெளியூரிலிருந்து வருபவர்களில் பலர் வாடகை வண்டியைத்தான் நாடுவார்கள். தஞ்சாவூரிலும் திருவையாற்றிலும் நல்ல நிலையிலுள்ள வாடகை வண்டிகள் கிடைக்க ஏற்பாடு செய்யாமல் பலகை மட்டும் நடுவது வீண். இருக்கை உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய, முன்னும் பின்னும் பிரேக் பிடிக்கக்கூடிய சாதாரண வண்டிகள் போதும்.

எந்தப் பருவத்தில் வருவது என்பதை வரைபடத்திலேயே அச்சிட்டுவிட வேண்டும். பருவமழை ஓய்ந்த பின், தை மாசி மாதங்களே சிறந்தவை. வெயில் தாழ்ந்திருக்கும், வயலில் பயிரோ அறுவடையோ நடந்துகொண்டிருக்கும். தை மாதத்தையொட்டிய பகுள பஞ்சமியில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் மட்டும் திருவையாற்றில் தங்குமிடம் கிடைப்பது அரிது; சாலையிலும் நெரிசல் இருக்கும். இசை கேட்க வருபவருக்கு அது தடையில்லை. பாதைக்காக மட்டும் வருபவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

வரைபடமும் கைப்பேசியும்

கைப்பேசி இருக்கும்போது பலகை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசி மிகக் குறுகிய வழியைத்தான் தேடித்தரும். அது பெரும்பாலும் பேருந்துச் சாலையாகவே இருக்கும். வெயிலில் திரையும் தெரியாது. இருந்தாலும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பாதையின் தடத்தைப் பதிந்த ஜி.பி.எக்ஸ். கோப்பை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்து, திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எண்களோடு பதிவுசெய்துவிட்டால், அதைப் பயன்படுத்தும் பல செயலிகளில் பாதை தானாகவே தெரியும். ஒவ்வோர் எண் கல்லுக்கும் அருகில் சிறிய வரைபடப் பலகை ஒன்று வைத்து, அதில் அந்த இடத்தைத் தடித்த புள்ளியால் காட்டி, பயணி நிற்கும் திசையே மேலே இருக்குமாறு வரைய வேண்டும். வடக்கை மேலே வைத்து வரைந்த பலகையைத் தெற்கு நோக்கி நின்று படிப்பவர் குழம்பிப்போவது இயல்பு.

நட்ட பின்

திட்டத்தின் தொகை முழுவதையும் கற்களுக்கும் விழாவுக்கும் செலவிட்டுவிட்டுப் பராமரிப்புக்கு ஒன்றும் மீதி வைக்காமல் விடுவதே பாதைகள் அழியும் வழக்கமான முறை. நடுவதற்கு முன்பே ஒவ்வொரு கல்லுக்கும் பலகைக்கும் வரிசை எண் கொடுத்து, இடம், முகம் பார்க்கும் திசை, எழுதப்பட்ட சொற்கள், நட்ட நாள், ஒளிப்படம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அந்த வரிசை எண்ணையும் ஒரு தொலைபேசி எண்ணையும் கல்லின் பின்புறம் எழுதிவிட்டால், ‘திருவேதிகுடிக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒரு பலகை சாய்ந்து கிடக்கிறது’ என்று சொல்ல வேண்டியவர், ‘37ஆம் எண் சாய்ந்து கிடக்கிறது’ என்று சொல்லிவிடுவார். சாய்ந்த பலகையைவிட ஆபத்தானது திரும்பிப்போன அம்புக்குறி. கம்பத்தில் ஒற்றை ஆணியில் மாட்டிய பலகை விளையாட்டுப் பிள்ளைகளின் கையில் எளிதில் திரும்பிவிடும். இரண்டு போல்ட் போட்டு முறுக்கியிருந்தால் திரும்பாது.

ஏழு ஊர்களிலும் ஒவ்வொரு துண்டுக்குப் பொறுப்பாக ஒருவரோ ஒரு குழுவோ இருக்கட்டும். மேல்நிலைப் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், மகளிர் சுய உதவிக் குழு, தேநீர்க் கடைக்காரர் என யாராயினும் சரி. ஆனால் சிறு தொகையாவது கொடுக்க வேண்டும். தன்னார்வத்தை மட்டும் நம்பிய பராமரிப்பு முதல் மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம். தூர்வாரும் பணி முடிந்ததும் ஒரு பார்வை, ஐப்பசி மழைக்குப் பின் ஒரு பார்வை, தைப் பொங்கலுக்கு முன் பருவம் தொடங்கும்போது ஒரு பார்வை என ஆண்டுக்கு மூன்றுமுறை பாதை முழுவதையும் இரு திசையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வலமாக வருபவருக்கு நன்றாகத் தெரியும் பலகை, எதிர்த்திசையில் வருபவருக்கு மரத்தின் பின் மறைந்திருக்கலாம்.

பாலம் பழுது, கரை உடைப்பு, ஆற்றில் வெள்ளம் ஆகியவை நேரும்போது பாதையை மூடுவதற்கும் ஒரு முறை வேண்டும். மூடிய இடத்தில் மட்டும் தடுப்பு வைத்தால், பயணி அதுவரை வந்து திரும்ப வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய எண் கல்லிலேயே மூடல் அறிவிப்பும் மாற்றுவழி அம்புக்குறியும் மாட்டப்பட வேண்டும். திறந்த அன்றே அவற்றை எடுத்துவிட வேண்டும்.

முதல் வளையம் இரண்டு மழைக்காலங்களைத் தாங்கி நின்ற பின்னரே நீட்டிப்பைப் பற்றி யோசிக்கலாம். தென்கொரியாவில் இன்சியோனிலிருந்து பூசான் வரை 633 கிலோமீட்டர் செல்லும் பாதையில், வழியோரம் நிற்கும் சிவப்புக் கூண்டுகளில் பயணிகள் தாங்களே தங்கள் கையேட்டில் முத்திரை குத்திக்கொள்கிறார்கள். முத்திரைகளைச் சேர்க்கும் ஆசையே பலரை அடுத்த பகுதிக்கும் அழைத்து வருகிறது. ஏழூருக்கும் ஏழு முத்திரைகள் செய்யலாம். கிழக்கே சுவாமிமலைச் சிற்பிகளின் பட்டறைகளையும் தாராசுரத்தையும் கும்பகோணத்தையும் சேர்க்கும் நீட்டிப்பில் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், கும்பகோணத்தில் புறப்பட்டுத் திருவையாற்றை நோக்கி வருவது எளிது. ஆடியில் மேல்காற்று பலமாக வீசும்போது எதிர்த்திசையில் செல்வதே எளிது. பலகைகளை இரு திசைக்கும் நட்டுவிட்டு, எந்த மாதத்தில் எந்த முனையில் தொடங்குவது நல்லது என்பதை வரைபடத்தின் மூலையில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.